ஒரே மிஷினில் மூன்று கோளாறு: கடை, மண்டப ஏசிகளில் பழுதைப் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கஞ்சிக்கோடு வரைக்கும் தமிழ்நாடு, கேரள எல்லையின் இரண்டு பக்கமும் ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, வங்கிக் கிளை என்று பெரிய ஏசிகள் பெருகிவிட்டன. பெரும்பாலும் 5.5 டன், 8.5 டன், 11 டன், 16.5 டன் டக்டபிள் மிஷின்கள், அதாவது குளிர்காற்றை டக்ட் குழாய் வழியாக ஹாலுக்கு அனுப்புபவை. இவற்றைக் கவனிக்கப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்கும், மண்டபத்தையோ கடையையோ மேற்பார்க்கும் மேனேஜர்களுக்கும் இந்த வழிகாட்டி.

வீட்டு ஸ்பிளிட் ஏசியில் பொதுவாக ஒரு கோளாறு இருக்கும், அதைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. பெரிய மிஷினில் இரண்டு மூன்று கோளாறுகள் மாதக்கணக்கில் சேர்ந்து வளர்ந்திருக்கும். அவை ஒன்றை ஒன்று மறைக்கவும் செய்யும். அழுக்கேறிய கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் காயில்) ஹெட் பிரஷரை, அதாவது கம்ப்ரசர் தள்ளும் பக்கத்து அழுத்தத்தை, ஏற்றும், குறைந்த கேஸ் அதை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் கேஜில் (அழுத்தமானியில்) நல்ல பிரஷர் தெரியும், ஹாலோ குளிராது. போனதும் கேஜை மாட்டி, சக்‌ஷன் (கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம்) குறைவு என்று கேஸ் ஏற்றுகிற பழக்கம்தான் இந்த வட்டாரத்தில் கம்ப்ரசர்களைக் கொல்கிறது. கேஜ் ஆறாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள ஐந்தையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. போகும் முன் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

நேம் பிளேட்டின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுங்கள். கேஸ் வகை, ஒரு சர்க்யூட்டுக்கு (கேஸ் சுற்றிவரும் தனிப் பாதைக்கு) எத்தனை கிலோ, கம்ப்ரசர் ஃபுல் லோடு ஆம்பியர் ஆகிய மூன்றும் படிக்கத் தெளிவாக இருக்க வேண்டும். கேஸ் எடையில் பைப் நீளத்துக்கான கூடுதல் சேர்ந்திருக்காது, அது கமிஷனிங் ரிப்போர்ட்டில் இருக்கும். அந்த ரிப்போர்ட் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மிஷின் புதிதாக இருந்தபோது எடுத்த சக்‌ஷன், ஹெட், ஆம்பியர், காற்று வெப்பநிலை எல்லாம் அதில் இருக்கும்.

அடுத்து, கடந்த இரண்டு வருட சர்வீஸ் ஸ்லிப்புகள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ கேஸ் டாப்-அப் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். கேஸ் தேய்ந்து தீர்கிற பொருள் இல்லை. ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏற்றியிருந்தால் லீக் இருக்கிறது, அல்லது தேவையில்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டில் எது என்பது பின்னால் தெரிந்துவிடும்.

ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்பு) ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள். கேஸ், காயில் கெமிக்கல் வாஷ், கம்ப்ரசர் மூன்றும் அதில் அடக்கமா தனியா என்று தெரியாமல் வேலையில் கை வைத்தால் கடைசியில் பில்லில் சண்டை வரும்.

2. எப்போது அளப்பது

காலை 11 மணியிலிருந்து மதியம் 3 மணிக்குள் அளங்கள். கதவுகளைச் சாத்தி, எல்லா சர்க்யூட்டும் ஓடி, குறைந்தது 20 நிமிடம் ஆன பிறகே எண்களைக் குறியுங்கள். ஸ்டார்ட் ஆன ஐந்தாவது நிமிட எண்ணை வைத்து எடுக்கும் எந்த முடிவும் தவறாகத்தான் போகும்.

மண்டபங்களுக்கு ஆடியும் மார்கழியும் தோதான மாதங்கள். ஆடியோடு கேரளப் பக்கத்தில் கர்க்கடகமும் சேர்ந்து வருவதால் இரண்டு பக்கமும் முகூர்த்தம் இருக்காது, மிஷினைக் கழற்றிப் போட்டு வேலை பார்க்கலாம். ஆனால் அந்த மாதங்களில் வெளி வெப்பம் குறைவு. காயில் கழுவுவது, பெல்ட், டிரெயின், லீக் அடைப்பது எல்லாவற்றையும் அப்போது முடித்துக்கொள்ளுங்கள். கேஸ் அளவின் கடைசிச் சரிபார்ப்பை மாசி பங்குனிக்கு வையுங்கள். மார்கழிக் குளிரில் சரியாகத் தெரிந்த ஹெட் பிரஷர், வெளியே 40 டிகிரியைத் தொடும் பங்குனி மதியத்தில் எச்பி கட் (அழுத்தம் மிஞ்சினால் மிஷினை நிறுத்தும் ஸ்விட்ச்) வரைக்கும் போகும்.

3. கரண்டில் ஆரம்பியுங்கள்

மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் கம்ப்ரசர் ஓடும்போது அளங்கள். 418, 410, 399 என்று வந்தால் சராசரி 409, அதிலிருந்து அதிக விலகல் 10. பத்தை 409-ஆல் வகுத்தால் 2.4 சதவீதம். 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். விலகலை அதனாலேயே பெருக்கி, பிறகு இரண்டால் பெருக்கினால் மோட்டார் வைண்டிங்கின் வெப்பம் எத்தனை சதவீதம் கூடும் என்று தோராயமாகக் கிடைக்கும். 2.4-க்கு ஏறத்தாழ 12 சதவீதம். ஆம்பியர் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். அதைப் பார்த்து கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள்.

கம்ப்ரசருக்குக் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரைத் திறந்து பாருங்கள். எறும்பும் பல்லியும் உள்ளே போய்க் கருகியிருப்பது இங்கே சாதாரணம். லோடில் ஓடும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் கான்டாக்டரின் மேல் டெர்மினலுக்கும் கீழ் டெர்மினலுக்கும் நடுவே வோல்டேஜ் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது.

ஜெனரேட்டர் உள்ள இடத்தில் ஃபேஸ் வரிசையை லைனிலும் ஜெனரேட்டரிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஸ்க்ரோல் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றினால் சத்தம் மாறும், சக்‌ஷனுக்கும் ஹெட்டுக்கும் வித்தியாசமே வராது, ஆம்பியர் குறைவாகக் காட்டும். புளோவர் விஷயம் இதைவிட ஏமாற்றும். சென்ட்ரிஃப்யூகல் புளோவர் தலைகீழாகச் சுற்றினாலும் காற்று அதே பக்கம்தான் வரும், அளவு மட்டும் பாதிக்கு அருகில் இறங்கிவிடும். கையை வைத்துப் பார்த்து 'காற்று வருதே' என்று விட்டுவிடுவார்கள். புளோவர் உறையில் உள்ள அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒப்பிடுங்கள்.

எச்சரிக்கை: வேக்கத்தில் (உள்ளிருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்கிய நிலையில்) இருக்கும் கம்ப்ரசருக்கு மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடவோ சப்ளை கொடுக்கவோ கூடாது. உள்ளே ஆர்க் அடித்து வைண்டிங் போய்விடும்.

4. உள்காற்று

ஒரு டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 400 கன அடி காற்று) என்பது கணக்கு. 11 டன்னுக்கு 4,400. ஃபில்டர் முகப்பு 4 அடிக்கு 2.5 அடி என்றால் 10 சதுர அடி. அனிமோமீட்டரை முகப்பில் ஒன்பது இடங்களில் வைத்துச் சராசரி எடுங்கள். நிமிடத்துக்கு 440 அடி வந்தால் காற்று சரி. 300 என்றால் கால்வாசிக்கு மேல் காற்று போய்விட்டது.

காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்: ஃபில்டர், பெல்ட், புளோவர் இறக்கைகளில் படிந்த தூசி, கூலிங் காயில், மிஷினையும் டக்டையும் இணைக்கும் கேன்வாஸில் கிழிசல், தானாக மூடிக்கொண்ட ஃபயர் டேம்பர் (தீ பரவாமல் டக்டை மூடும் தகடு). பெல்ட்டின் இரண்டு புல்லிகளுக்கும் நடுவே அழுத்தினால் ஒரு மீட்டர் இடைவெளிக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவு உள்வாங்க வேண்டும். இரட்டை பெல்ட் என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். புதிதும் பழையதும் கலந்தால் இழுவை முழுவதும் ஒன்றிலேயே விழும்.

ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் புதிதாகப் போட்ட கடைகளில் ரிட்டர்ன் காற்று வரும் வழியைப் பலகையால் அடைத்திருப்பார்கள். மிஷினில் எவ்வளவு தேடினாலும் இந்தக் கோளாறு கிடைக்காது. சீலிங்குக்கு மேலே தலையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தண்ணீர் சொட்டும் புகாரில் டிரெயின் பைப்பில் யு வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். காயிலைத் தாண்டி புளோவர் இருக்கும் மிஷின்களில் ட்ரே இருக்கும் பகுதி உறிஞ்சு நிலையில் இருக்கும். வளைவு இல்லையென்றால் பைப் வழியாகக் காற்று உள்ளே ஏறும், தண்ணீர் இறங்காமல் ட்ரேயில் நிறைந்து வழியும்.

5. வெளிக்காற்று: நார்த் தூசியும் கணவாய்க் காற்றும்

பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வட்டாரத்தில் தேங்காய் நார் மில்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டென்சரை மற்ற ஊர் கணக்கில் பார்க்கக் கூடாது. நார்த் துணுக்கும் மஞ்சித் தூளும் ஃபின்களுக்குள் புகுந்து அடைகிற வேகம் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கழுவுவது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், காற்று அடிக்கும் பக்கம் மில் இருந்தால் மாதம் ஒரு முறை சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கழுவும் முறை முக்கியம். நாரோடு அப்படியே தண்ணீர் அடித்தால் அது ஊறி, கம்பளி போல ஃபின்னோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் காய்ந்த நிலையில் மென்மையான பிரஷ்ஷாலும் வேக்கம் கிளீனராலும் வெளிப்பக்கத்து நாரை எடுங்கள். பிறகு ஃபேனைக் கழற்றி, உள்ளேயிருந்து வெளியே, அதாவது காற்று போகும் திசைக்கு எதிராக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விடுங்கள். கார் வாஷ் பம்பை நேராகப் பிடித்தால் ஃபின் மடிந்து, அழுக்கைவிட மோசமான அடைப்பாகிவிடும். அலுமினிய மைக்ரோ சேனல் காயிலுக்கு ஆசிட் கலந்த கெமிக்கல் எதுவும் வேண்டாம்.

இரண்டு மூன்று வரிசை உள்ள காயிலில் வெளி வரிசை பளிச்சென்று இருக்கும், வரிசைகளுக்கு நடுவே தூசி மெத்தை மாதிரி கிடக்கும். உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் வராத இடமெல்லாம் அடைப்புதான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்னொரு சங்கதி. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். பக்கவாட்டில் காற்றைத் தள்ளும் அவுட்டோர் மேற்கு பார்த்து நின்றால் ஃபேன் அந்தக் காற்றோடு மல்லுக்கட்டும். மிஷின் சில நாள் நன்றாக ஓடி, சில நாள் ட்ரிப் ஆகிறது என்ற புகார் வந்தால் காற்றின் திசையைக் கேளுங்கள். காற்றைத் திருப்பிவிடும் தகடு ஒன்றை உரிய இடைவெளி விட்டு நிறுத்தினால் போதும்.

மொட்டை மாடியில் நான்கைந்து அவுட்டோரை நெருக்கி வைத்திருந்தால் ஒன்று விடும் சூட்டை அடுத்தது உறிஞ்சும். அதனால் வெளி வெப்பத்தை நிழலில் அளக்காமல் காயிலுக்குள் நுழையும் காற்றில் அளங்கள். கீழே வரும் கணக்கெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

6. இப்போது கேஜ்: ஐந்து எண்கள்

முதல் எண், சக்‌ஷன் பிரஷருக்கு உரிய வெப்பநிலை, அதாவது அந்த அழுத்தத்தில் கேஸ் கொதிக்கும் வெப்பநிலை. அறைக் காற்று 24, 25 டிகிரியில் திரும்பும்போது 5 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அது ஆர்-22-இல் சுமார் 70 பிஎஸ்ஐ, ஆர்-410ஏ-இல் சுமார் 121.

இரண்டாவது, சூப்பர் ஹீட், அதாவது கேஸ் முழுவதும் ஆவியான பிறகு ஏறிய சூடு. சக்‌ஷன் பைப்பின் வெப்பநிலையிலிருந்து முதல் எண்ணைக் கழியுங்கள். எக்ஸ்பான்ஷன் வால்வு (கூலிங் காயிலுக்குப் போகும் திரவத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது) உள்ள மிஷினில் 5 முதல் 8 டிகிரி.

மூன்றாவது, ஹெட் பிரஷருக்கு உரிய வெப்பநிலையிலிருந்து காயிலுக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலையைக் கழித்தால் வருவது. 11 முதல் 17 டிகிரி வரை சரி.

நான்காவது, சப் கூலிங், அதாவது கேஸ் முழுவதும் திரவமான பிறகு இறங்கிய சூடு. ஹெட் பிரஷருக்கு உரிய வெப்பநிலையிலிருந்து லிக்விட் பைப்பின் வெப்பநிலையைக் கழியுங்கள். 5 முதல் 8.

ஐந்தாவது, ரிட்டர்ன் காற்றுக்கும் சப்ளை காற்றுக்கும் உள்ள வித்தியாசம். 8 முதல் 12. கிழக்குக் காற்று அடிக்கும் வறண்ட மாசியில் 12 வரும், ஈரம் நிறைந்த ஆடியில் 8 வந்தாலே நல்ல மிஷின்தான்.

இந்த வரம்புகள் பொதுவானவை. கம்பெனி மேனுவலில் வேறு எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பைப்பில் வைக்கும் சென்சாரைக் கவ்வி, மேலே இன்சுலேஷன் சுற்றிய பிறகே படியுங்கள். வெயில் படும் பைப்பில் வெறும் சென்சார் மூன்று நான்கு டிகிரி தாராளமாகப் பொய் சொல்லும். ஆர்-407சி-க்கு வெப்பநிலை வழுக்கல் உண்டு, அதாவது ஒரே அழுத்தத்தில் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று, கொதித்து முடியும் வெப்பநிலை வேறு. சூப்பர் ஹீட்டுக்கு டியூ பாயின்ட்டும் (முடியும் எண்) சப் கூலிங்குக்கு பபிள் பாயின்ட்டும் (தொடங்கும் எண்) பார்க்க வேண்டும்.

இரண்டு சர்க்யூட் உள்ள மிஷினில் இரண்டிலும் ஐந்து எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே காற்று, ஒரே வெயில், ஒரே வோல்டேஜ். எந்த மேனுவலையும்விட நல்ல ஒப்பீடு இதுதான், இரண்டுமே கெட்டிருக்கலாம் என்பதை மறக்காத வரைக்கும்.

7. ஒன்றை ஒன்று மறைக்கும் ஜோடிகள்

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பல கோளாறுகளைப் பிரித்தறியும் முறையை ஆராய்ந்தவர்கள் பிடித்த வழி நமக்கும் பொருந்தும்: ஒவ்வொரு கோளாறுக்கும், மற்றவை அதிகம் அசைக்காத ஓர் அளவைத் தேடு. காற்றுக் கோளாறைக் காற்றில் அளக்க வேண்டும், பிரஷரில் ஊகிக்கக் கூடாது. நான்காம், ஐந்தாம் படிகள் முன்னால் வந்த காரணம் அதுவே.

கண்டென்சர் அழுக்கும் கேஸ் குறைவும்: ஹெட் சரியாகத் தெரியும். சப் கூலிங் 1, 2 என்று காட்டிக்கொடுக்கும்.

உள்காற்றுக் குறைவும் கேஸ் குறைவும்: காற்றுக் குறைவு சூப்பர் ஹீட்டை இறக்கும், கேஸ் குறைவு ஏற்றும். சூப்பர் ஹீட் நல்லதாகவே தெரியும், சக்‌ஷன் மட்டும் இரண்டாலும் சேர்ந்து கீழே விழுந்திருக்கும். எக்ஸ்பான்ஷன் வால்வுக்குப் பதிலாக கேப்பிலரி அல்லது பிஸ்டன் உள்ள மிஷினில் இந்த ஏமாற்று அதிகம்.

ட்ரையர் (கேஸில் உள்ள ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி) அடைப்பும் கேஸ் குறைவும்: அடைப்பு சப் கூலிங்கை ஏற்றும், கேஸ் குறைவு இறக்கும், எண் நடுவில் வந்து நிற்கும். இங்கே சப் கூலிங்கை நம்பாமல் ட்ரையரின் இரு முனைகளிலும் வெப்பநிலை அளங்கள். 2 டிகிரிக்கு மேல் இறங்கினால் அடைப்பு.

கேஸ் அதிகமும் உள்ளே புகுந்த காற்றும்: இரண்டும் ஹெட்டை ஏற்றும். கம்ப்ரசரை நிறுத்தி, கண்டென்சர் ஃபேனை மட்டும் ஓட விட்டு, காயில் வெளி வெப்பத்துக்கு வந்ததும் ஹெட் பிரஷரைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி என்றால் ஆர்-22-இல் 182 பிஎஸ்ஐ, ஆர்-410ஏ-இல் 296 அருகில் நிற்க வேண்டும். தெளிவாக மேலே நின்றால் உள்ளே காற்று இருக்கிறது. கேஸைக் குறைப்பதால் அது தீராது. முழுவதும் ரிகவர் செய்து (கேஸைச் சிலிண்டரில் திரும்பப் பிடித்து) வேக்கம் போட்டால்தான் தீரும்.

கம்ப்ரசர் தேய்மானத்தைக் கடைசியில் சந்தேகியுங்கள். சக்‌ஷன் உயர்ந்து, ஹெட் இறங்கி, ஆம்பியரும் குறைந்து, ஃபேஸ் வரிசை சரியாக இருந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஃபீலர் பல்ப் (வெப்பத்தை உணரும் குமிழ்) பைப்பை இறுகப் பிடித்தும் இருந்தால் மட்டும் அந்த முடிவுக்கு வரலாம்.

8. ஓர் உதாரணக் கணக்கு

ஆர்-22 மிஷின், 5.5 டன் சர்க்யூட், வெளியே 36 டிகிரி. சக்‌ஷன் 58 பிஎஸ்ஐ, அதாவது 0 டிகிரி. சூப்பர் ஹீட் 9. ஹெட் 278, அதாவது 52 டிகிரி, வெளிக்காற்றைவிட 16 அதிகம். சப் கூலிங் 2. காற்று வித்தியாசம் 8. தனித்தனியாகப் பார்த்தால் ஹெட் சரி, காற்று சரி, சூப்பர் ஹீட்டும் பரவாயில்லை. சக்‌ஷனும் சப் கூலிங்கும்தான் உதைக்கின்றன.

இந்த நிலையில் கேஸ் ஏற்றினால் ஹெட் 300-ஐத் தாண்டும், சித்திரை மதியத்தில் எச்பி கட் அடிக்கும். ஏற்றாதீர்கள். தளர்ந்த பெல்ட்டை மாற்றி, கண்டென்சர் காயிலைக் கழுவி, 20 நிமிடம் ஓட விட்டு மறுபடி அளங்கள். சக்‌ஷன் 62, சூப்பர் ஹீட் 14, ஹெட் 235, வெளிக்காற்றைவிட 9 மட்டுமே அதிகம், சப் கூலிங் 1, காற்று வித்தியாசம் 7. காற்று வித்தியாசம் குறைந்ததைப் பார்த்து வேலை கெட்டுவிட்டதாகப் பயப்பட வேண்டாம். அதிகக் காற்று ஓடுவதால் குறைந்திருக்கிறது. மறைந்திருந்த கேஸ் குறைவு இப்போது எல்லா எண்ணிலும் தெரிகிறது.

லீக்கை அடைத்து, எடை போட்டு கேஸ் ஏற்றிய பிறகு: சக்‌ஷன் 70, சூப்பர் ஹீட் 6, ஹெட் 250, வித்தியாசம் 11, சப் கூலிங் 6, காற்று 10. ஒரு பக்க வேலை, 20 நிமிடம், ஒரு வரிசை எண்கள். காற்றுப் பக்க வேலையையும் கேஸ் பக்க வேலையையும் ஒன்றாகச் செய்தால் எது எதைச் சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது.

9. கேஸ் வேலை

லீக்கை நைட்ரஜனில் தேடுங்கள், ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள், வெடிக்கும். ராத்திரி முழுக்கப் பிரஷரில் விட்டு, காலையில் வெப்பநிலை மாற்றத்தைக் கணக்கில் எடுத்துப் பாருங்கள். சிஸ்டத்தைத் திறந்தால் ட்ரையர் மாற்றுவது கட்டாயம். வேக்கம் 500 மைக்ரானுக்குக் கீழே போக வேண்டும். பம்பை அடைத்துப் பத்து நிமிடம் கவனியுங்கள். ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம், நிற்காமல் ஏறினால் லீக்.

ஆர்-410ஏ, ஆர்-407சி இரண்டையும் திரவமாகவே ஏற்றுங்கள். வாயுவாக ஏற்றினால் கலவையின் விகிதம் மாறும். ஓடும் மிஷினில் சக்‌ஷன் பக்கம் ஏற்றும்போது வால்வைச் சிறிது சிறிதாகத் திறங்கள். ஆர்-32 தீப்பற்றக் கூடியது. ரிகவர் செய்து, நைட்ரஜன் ஓட விட்டு, கதவு ஜன்னலைத் திறந்த பிறகே பிரேசிங் (பைப் பற்றவைப்பு).

10. செலவு, நேரம், எல்லை தாண்டும் சரக்கு

இரண்டு சர்க்யூட் மிஷின் ஒன்றை முழுதாக அளக்க அரை நாள் ஆகும். லீக் டெஸ்ட் இருந்தால் ஒரு ராத்திரி கூடும். கொட்டேஷனை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள், கொடுப்பவராக இருந்தால் பிரித்துக் கொடுங்கள்: அளந்து கண்டுபிடிக்கும் கட்டணம், காற்றுப் பக்க வேலை, கேஸ் பக்க வேலை. கேஸ் பக்கத் தொகையைக் காற்றுப் பக்கம் முடிந்து மறுபடி அளந்த பிறகே உறுதி செய்ய வேண்டும். மொத்தமாக ஒரே தொகை பேசினால் தேவைப்படாத கேஸுக்கும் பணம் போகும். கேஸை எடைத் தராசு எண்ணோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கழுவும் செலவுக்குத் தயங்கும் முதலாளிக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஹெட் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் 2 முதல் 3 சதவீதம் கூடும். 11 டன் மிஷினில் 8 டிகிரி ஏறினால் சுமார் 2 கிலோவாட். தினம் 10 மணி நேரம் ஓடினால் மாதம் 600 யூனிட்.

கோவையிலிருந்து கம்ப்ரசரோ காயிலோ வாளையாறு தாண்டிப் போகும்போது சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். வாரன்டியில் மாற்றும் பாகத்துக்கு டெலிவரி சலானும் கையில் இருக்கட்டும். பழைய கம்ப்ரசரைக் கழற்றும் முன் சீரியல் நம்பர் தெரியும்படி போட்டோ எடுங்கள். வோல்டேஜ், ஆம்பியர், ஐந்து எண்கள் எழுதிய தாளை அதோடு இணைத்து அனுப்புங்கள். எண்கள் இல்லாத வாரன்டி கோரிக்கை பெரும்பாலும் கேள்விகளோடு திரும்பி வரும், அதற்குள் முகூர்த்தத் தேதி வந்துவிடும். அதே தாளின் நகல் ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.